இறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களின் வங்கிக் கணக்கு

போர் முடிந்த மறு ஆண்டு, 1946. எஸ்டெல் சபீர் என்ற இளம்பெண் சுவிட்சர்லாந்தில் கிரெடிட் சுவிஸ் வங்கியின் கிளை ஒன்றுக்குள் நுழைகிறார். அவருடைய தந்தை ஜோசப் சபீர் வார்சாவில் செல்வாக்கான நிதித் தொழில் செய்தவர். பிரான்சின் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தபோது, முள்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, எந்தெந்த நாட்டில் எந்தெந்த வங்கியில் பணம் போட்டிருக்கிறேன் என்று மகளிடம் சொல்லி மனப்பாடம் செய்யவைத்தவர். பின்னர் போலந்தில் மைதானெக் முகாமில் கொல்லப்பட்டார். பிரிட்டன், பிரான்ஸ் வங்கிகள் சிக்கலில்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டன. சுவிஸ் வங்கியின் எழுத்தர் உள்ளே போய் ஒரு கோப்பை எடுத்துவந்தார். உறைமேல் தந்தையின் பெயர் இருந்ததை மகள் தன் கண்ணால் பார்த்தார். எழுத்தர் கேட்டது ஒன்றுதான்: தந்தையின் இறப்புச் சான்றிதழ்.

யாரிடம் போய் வாங்கட்டும், ஹிட்லரிடமா, ஹிம்லரிடமா என்று கேட்டுவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்ததாக எஸ்டெல் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். வாரிசுச் சான்றிதழுக்காக அலுவலகப் படி ஏறி இறங்கிய எவருக்கும் அந்தக் கவுன்டரின் குளிர் புரியும். ஆனால் மைதானெக்கில் கிராம நிர்வாக அலுவலர் கிடையாது. அங்கே பிணங்களை எரித்தார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உறவினருக்கு நகல் அனுப்பவில்லை.

வரலாற்று அநீதிக்கு ஈடு கேட்கும் வழக்குகளில் சுவிஸ் வங்கி விவகாரம் அளவுக்குப் பணமும் அரசியலும் கசப்பும் கலந்தது வேறில்லை. 1998இல் அது 125 கோடி டாலருக்கு முடித்துவைக்கப்பட்டது. அந்தத் தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: நிரூபிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகளில் எப்படித் திசைமாறியது என்பது.

பூட்டும் சாவியும்

சுவிட்சர்லாந்தின் வங்கி ரகசியச் சட்டம் 1934இல் இயற்றப்பட்டது. கணக்கு விவரத்தை வெளியே சொல்வது அதன்படி கிரிமினல் குற்றம். நாஜிகளிடமிருந்து யூதர்களின் சேமிப்பைக் காப்பாற்றவே இச்சட்டம் பிறந்தது என்று வங்கிகள் பல காலம் சொல்லிவந்தன. அழகான கதை, ஆனால் ஆய்வாளர்கள் ஏற்காத கதை. 1932இல் ஒரு சுவிஸ் வங்கியின் பாரிஸ் அலுவலகத்தில் பிரெஞ்சுப் போலீஸ் சோதனை நடத்தி வரி ஏய்ப்பாளர் பட்டியலைப் பிடித்ததும், பொருளாதார மந்தத்தில் வங்கிகள் ஆட்டம் கண்டதுமே அச்சட்டத்தின் பின்னணி.

எந்தக் காரணத்துக்காகப் போட்டாலும் பூட்டு பூட்டுதான். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஹங்கேரியிலும் இருந்த யூதக் குடும்பங்கள் அதை நம்பிப் பணத்தை அனுப்பின. கெடுபிடி வந்தால் யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று சிலர் இடைத்தரகர் பெயரிலும் சிலர் வெறும் எண்ணின் பெயரிலும் கணக்கு வைத்தார்கள். அவர்களைக் காப்பாற்ற வேண்டிய அதே ரகசியம் அவர்களுடைய பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தியது. கணக்கு எண் தெரியுமா, எந்தக் கிளை, மற்ற வாரிசுகள் இல்லை என்பதற்கு என்ன சான்று? ஒன்றுக்குப் பதில் சொன்னால் அடுத்தது வரும். தேடிப் பார்ப்பதற்கே கட்டணம் வாங்கிய வங்கிகளும் உண்டு.

ஆவணங்களைப் பத்து ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பது சுவிஸ் சட்டம். 1954 மே மாதத்தில் பெரிய வங்கிகளின் சட்ட அலுவலர்கள் கூடிப் பேசி, வாரிசுகளின் விசாரணைகளுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று ஒரே குரலுக்கு வந்தார்கள். பத்தாண்டுக்கு முந்தைய பரிவர்த்தனை பற்றித் தகவல் தர வேண்டியதில்லை என்பது அதன் சாரம். 1945உடன் பத்தைக் கூட்டிப் பாருங்கள். இதற்கிடையே கேட்பாரற்ற கணக்குகளில் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் பிடித்தார்கள். சிறிய கணக்குகள் கரைந்து பூஜ்யமாகி மூடப்பட்டன. திருட்டு என்று சொல்ல முடியாது. கட்டண அட்டவணைப்படி நடந்தது.

1962இல் சுவிஸ் நாடாளுமன்றம், இன, மத, அரசியல் காரணங்களால் துன்புறுத்தப்பட்ட வெளிநாட்டவரின் கேட்பாரற்ற சொத்துகளைத் தெரிவிக்கும்படி ஆணையிட்டது. யார் அப்படிப்பட்டவர் என்று தீர்மானிக்கும் பொறுப்பு வங்கிகளிடமே இருந்தது. மொத்தம் தேறியது சுமார் 95 லட்சம் பிராங்க். கோப்பு மூடப்பட்டது.

நாற்காலி இல்லாத அறை

பனிப்போர் முடிந்து கிழக்கு ஐரோப்பிய ஆவணக் காப்பகங்கள் திறந்தபோது கோப்பும் திறந்தது. 1995 செப்டம்பரில் உலக யூத காங்கிரஸின் தலைவர் எட்கர் பிரான்ஃப்மன் சுவிஸ் தலைநகர் பெர்னில் சுவிஸ் வங்கியாளர் சங்கத்தைச் சந்தித்தார். சாராயத் தொழிலில் பெரும் பணம் கண்ட கனடியக் குடும்பத்தில் பிறந்தவர், எந்த நாட்டுத் தலைவரையும் நேரில் பார்க்கக்கூடியவர். அவரை நாற்காலிகூட இல்லாத சிறிய அறையில் நிறுத்திவைத்து, 3 கோடி டாலர் சொச்சத்தைச் சொல்லி விஷயத்தை முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை. சில மாதங்களில் வங்கிகள் அதிகாரபூர்வமாக அறிவித்தன: கேட்பாரற்ற கணக்குகள் 775, மொத்தம் 3 கோடியே 87 லட்சம் பிராங்க். ஒரு நாற்காலி போட்டிருந்தால் எத்தனை கோடி மிச்சமாகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பிரான்ஃப்மன் அமெரிக்க செனட்டின் வங்கிக் குழுத் தலைவரான அல்ஃபோன்ஸ் டமாட்டோவிடம் போனார். நியூயார்க் செனட்டர், 1998இல் மறுதேர்தலைச் சந்திக்க வேண்டியவர்; யூத வாக்காளர்களின் நல்லெண்ணம் அவருக்குத் தேவைப்பட்டது. (அந்தத் தேர்தலில் அவர் தோற்றார், அதுவும் ஒரு யூத வேட்பாளரிடம்.) உள்நோக்கம் எதுவாயினும் 1996 ஏப்ரலில் அவர் நடத்திய விசாரணையில் கிரேட்டா பியர் என்ற ருமேனியப் பின்னணி கொண்ட மூதாட்டி பேசினார். ஜவுளி ஆலை நடத்திய தந்தை, பணம் சுவிட்சர்லாந்தில் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று குடும்பத்திடம் சொல்லிவிட்டு 1940இல் இறந்துபோனதையும், தாயும் தானும் வங்கி வங்கியாக ஏறி இறங்கியதையும் சொன்னார். அந்த ஒரு பேச்சு ஐம்பது ஆண்டு விண்ணப்பங்கள் செய்யாததைச் செய்தது.

அடுத்த மாதமே வங்கிகளும் யூத அமைப்புகளும் சேர்ந்து, அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பால் வோல்க்கர் தலைமையில் தணிக்கைக் குழுவை அமைத்தன. அக்டோபரில் நியூயார்க்கின் புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கூட்டு வழக்குகள் வரத் தொடங்கின. டிசம்பரில் சுவிஸ் நாடாளுமன்றம் வரலாற்றாசிரியர் ழான் ஃபிரான்சுவா பெர்ஜியே தலைமையில் நிபுணர் ஆணையத்தை அமைத்து, தொடர்புடைய ஆவணங்களை அழிப்பதற்கும் தடை விதித்தது.

தடை வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1997 ஜனவரி 8 இரவு, சூரிச்சில் யூனியன் பாங்க் ஆஃப் சுவிட்சர்லாந்தின் தலைமையகத்தில் 28 வயது இரவுக் காவலாளி கிறிஸ்டோஃப் மைலி வழக்கமான சுற்று வந்துகொண்டிருந்தார். காகிதம் அரைக்கும் அறையில் இரண்டு தள்ளுவண்டிகள் நிறையப் பழைய ஏடுகள். புரட்டிப் பார்த்தார். 1945இல் இந்த வங்கி விழுங்கிய வேறொரு வங்கியின் பதிவேடுகள். 1930களில் பெர்லின் கட்டடங்கள் கைமாறிய விவரங்களும் இருந்தன. சிலவற்றைத் தன் லாக்கரில் ஒளித்துவைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பிறகு சூரிச் யூத சமூகத்தின் அலுவலகத்தில் ஒப்படைத்தார். அவர்கள் அவற்றை நேராகப் போலீசிடம் கொடுத்தார்கள்.

வங்கி, வருந்தத்தக்க தவறு என்றது. வேலை போனது காவலாளிக்கு. வங்கி ரகசியத்தை மீறியதற்காக விசாரணையும் அவர்மீதே தொடங்கியது. கொலை மிரட்டல்கள் வந்தன. அமெரிக்காவுக்குப் போனார், அவர் குடும்பத்துக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை வழங்க அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. பின்னாளில் மனக்கசப்போடு தாய்நாடு திரும்பினார். அரைபடவிருந்த ஏடுகளுக்கும் கேட்பாரற்ற யூதக் கணக்குகளுக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு, ஆவணம் இல்லை என்று வங்கி சொன்னால் கேட்பவர் சிரித்தார்கள்.

நடுவில் நின்ற பதினெட்டாயிரம் பேர்

இந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படாத தரப்பு சுவிட்சர்லாந்தில் வாழும் யூதர்கள். மொத்தம் ஏறக்குறைய 18,000 பேர். அவர்களுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1938இல் ஜெர்மானிய யூதர்களின் பாஸ்போர்ட்டில் ‘ஜே’ என்ற எழுத்தை (யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து) குத்தும் ஏற்பாடு பெர்லினுக்கும் பெர்னுக்கும் நடந்த பேச்சுவார்த்தையின் விளைவு. அதையும் தாண்டி உள்ளே வந்த யூத அகதிகளின் சாப்பாட்டுச் செலவையும் தங்கும் செலவையும் உள்நாட்டு யூத சமூகத்தின் தலையில் கட்டினார்கள். 1942 ஆகஸ்டில் எல்லை மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1938-39இல், முன்தேதி முத்திரை குத்தி அகதிகளை உள்ளே விட்ட சாங்க்ட் காலன் மாநிலப் போலீஸ் தலைவர் பால் குரூனிங்கர் 1939இல் பதவி இழந்து, 1972இல் வறுமையில் இறந்தார். அவரைக் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது 1995இல்.

இப்படிப்பட்ட நாட்டில் அடங்கி, அமைதியாக, நல்ல குடிமக்களாக வாழ்ந்து பழகிய சமூகத்துக்கு, நியூயார்க்கிலிருந்து கேட்ட உரத்த குரல் இரட்டைத் தலைவலி. கோரிக்கை நியாயமானது என்று தெரியும். சுவிஸ் வங்கிகளைப் புறக்கணிப்போம் என்ற மிரட்டல் எழும்போது பக்கத்து வீட்டுக்காரரின் பார்வை தம்மீதுதான் திரும்பும் என்பதும் தெரியும். 1996 கடைசி நாளில் நாட்டின் அதிபர் ழான் பஸ்கால் தெலமுரா, இழப்பீட்டுக் கோரிக்கையை மிரட்டிப் பணம் பறிக்கும் வேலை என்று பேட்டியில் சொன்னார். பிறகு வருத்தம் தெரிவித்தார். ஆனால் அதுவரை மனதுக்குள் வைத்திருந்ததை வெளியே சொல்லப் பலருக்கு அது அனுமதிச் சீட்டு ஆகிவிட்டது. யூத அமைப்புகளுக்கு வந்த வசைக் கடிதங்களில் அனுப்புநர்கள் தம் பெயரும் முகவரியும் எழுதத் தொடங்கினார்கள். 1998இல் நாட்டின் இனவெறி எதிர்ப்பு ஆணையம் யூத வெறுப்பு பற்றித் தனி அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது.

சூரிச் யூத சமூகத்தின் மூத்த தலைவர் சிகி ஃபைகல் அமெரிக்க நெருக்கடிப் பாணியை வெளிப்படையாகவே விமர்சித்தார். சுவிஸ் யூத சமூகங்களின் கூட்டமைப்புத் தலைவர் ரோல்ஃப் பிளோக், வங்கிகளும் தேசிய வங்கியும் சேர்ந்து உருவாக்கிய மனிதாபிமான நிதியத்தின் தலைமையை ஏற்று, பிழைத்திருந்த முதியவர்களுக்கு முதலில் கையில் ஏதாவது போய்ச்சேரட்டும் என்று வேலைபார்த்தார். அமெரிக்காவிலும் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. யூத வெறுப்பை எதிர்க்கும் அமெரிக்க அமைப்பான அவதூறு எதிர்ப்பு லீக்கின் தலைவரும், குழந்தையாக இருந்தபோது ஒளித்துவைக்கப்பட்டுப் பிழைத்தவருமான ஏப்ரகாம் ஃபாக்ஸ்மன், இந்த நூற்றாண்டின் பேரழிவைப் பற்றிய கடைசிச் சொல் பணமாகிவிடக் கூடாது என்ற பொருளில் எழுதினார். யூதர்கள் கொல்லப்பட்டது அவர்களிடம் பணம் இருந்ததால் அல்ல, அவர்கள் யூதர்களாக இருந்ததால் என்பது அவருடைய வாதம்.

வாதத்தின் நேர்மை புரிகிறது. முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. பணத்தைப் பற்றிப் பேசினால் பழைய பழிச்சொல் திரும்பும் என்று பயந்து உரியவர் வாய்மூடினால், பழிச்சொல்லால் லாபம் அடைவது வங்கிதான்.

புரூக்ளினில் ஓர் இரவு விருந்து

1997 ஜூலையில் வங்கிகள் உலகப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக 1,756 பெயர்களை வெளியிட்டன. பெர்னில் அமெரிக்கத் தூதராக இருந்த மேடலின் குனின் அந்தப் பட்டியலில் தன் தாயின் பெயரைப் பார்த்தார். தங்கள் தலைநகரிலேயே வசித்த ஒரு நாட்டின் தூதரையே கண்டுபிடிக்க முடியாதவர்கள், வாரிசுகளைத் தேடி அலுத்துவிட்டோம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கு முடிவுக்கு வந்த காரணம் மனசாட்சி என்று யாரும் நடிக்கவில்லை. இரண்டு பெரிய சுவிஸ் வங்கிகள் இணைந்து இன்றைய யுபிஎஸ் ஆக விரும்பின. நியூயார்க்கில் தொழில் செய்ய அங்குள்ள ஒழுங்குமுறை அதிகாரிகளின் ஒப்புதல் தேவைப்பட்டது. நகர நிதிக் கட்டுப்பாட்டாளர் ஆலன் ஹெவேசி, செப்டம்பர் முதல் பொருளாதாரத் தடை என்று நாள் குறித்தார். வங்கிகள் 60 கோடி டாலர் என்றன. எதிர்த்தரப்பு அதைவிட மிக அதிகம் கேட்டது. நீதிபதி எட்வர்ட் கோர்மன் இரு தரப்பையும் புரூக்ளினின் பழைய உணவகமான கேஜ் அண்ட் டோல்னருக்குச் சாப்பிட அழைத்தார். அங்கே தன் கணக்கைச் சொன்னார்: 125 கோடி. 1998 ஆகஸ்ட் 12 அன்று ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. பணம் கொடுத்தவை யுபிஎஸ்ஸும் கிரெடிட் சுவிஸ்ஸும். இந்தத் தொகையில் ஒரு காசும் கொடுக்காத சுவிஸ் அரசும் தேசிய வங்கியும் அதே ஒப்பந்தத்தின் கீழ் எல்லாக் கோரிக்கைகளிலிருந்தும் விடுபட்டன.

ஓராண்டு கழித்து வோல்க்கர் குழுவின் அறிக்கை வந்தது. 254 வங்கிகளின் பதிவுகளைத் துழாவியிருந்தார்கள். 1933 முதல் 1945 வரை இருந்த கணக்குகள் சுமார் 68 லட்சம். அவற்றில் 41 லட்சத்துக்குத்தான் ஏதேனும் ஒரு பதிவு மிஞ்சியிருந்தது. அவற்றுள் சுமார் 54,000 கணக்குகள் நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களுடையவையாக இருக்கக்கூடும் என்றார்கள். 775 என்று தொடங்கியது நினைவிருக்கட்டும். திட்டமிட்ட ஒட்டுமொத்த ஆவண அழிப்புக்குச் சான்றில்லை என்றும் அறிக்கை சொன்னது. சில வங்கிகள் வாரிசுகளை ஏமாற்றும் விதத்தில் நடந்துகொண்டன என்றும் சொன்னது. இரு தரப்பும் தமக்குப் பிடித்த வரியை மேற்கோள் காட்டிக்கொண்டன.

2,140 பெருக்கல் 12.5

உண்மையான நீதிவேலை இதற்குப் பிறகுதான் நடந்தது. கோரிக்கையாளர்களை ஐந்து பிரிவாகப் பிரித்தார்கள்: கணக்கு வைத்திருந்தோர், சொத்து கொள்ளையடிக்கப்பட்டோர், அடிமை உழைப்பாளிகள் இரு வகை, எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டோர் அல்லது உள்ளே கொடுமைக்கு ஆளானோர். யூதர்கள் மட்டுமல்ல, ரோமா மக்கள், யெகோவாவின் சாட்சிகள், தன்பாலீர்ப்பாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரும் இதில் அடங்கினார்கள். யார் பாதிக்கப்பட்டவர் என்ற வரையறை நாஜிகள் யாரை வேட்டையாடினார்கள் என்பதைப் பின்பற்றியே அமைந்தது. அகதிப் பிரிவில் திருப்பி அனுப்பப்பட்டவருக்குக் கிடைத்தது கடைசியில் 3,625 டாலர்.

வங்கிக் கணக்குகளுக்கான தீர்ப்பாயம்தான் எஸ்டெல் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. கணக்கு இருந்தது தெரிகிறது, பணம் உரியவர் கைக்குப் போனதற்கு ஆதாரம் இல்லை என்றால், போகவில்லை என்றே கொள்ளப்படும். இருப்புத் தொகை தெரியவில்லையா? 1945ஆம் ஆண்டின் சராசரியை எடுத்துக்கொள்வார்கள். சாதாரண நடப்புக் கணக்குக்கு 2,140 பிராங்க், பங்குப் பத்திரங்கள் வைத்த கணக்குக்கு 13,000. அதை 12.5ஆல் பெருக்கினால் தீர்ப்புக் காலத்து மதிப்பு. அப்படித்தான் தீர்ப்புக்குத் தீர்ப்பு 26,750 பிராங்க் என்ற அதே எண் வருகிறது. கறாரான நீதி அல்ல, உத்தேச நீதி. ஆனால் ஆவணத்தை அழித்தவனுக்கே ஆவணமின்மை சாதகமாகும் பழைய விளையாட்டு அங்கே நின்றது.

இன்னொரு சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1938 ஏப்ரலில் நாஜிகள், 5,000 ரைஷ்மார்க்குக்கு மேல் சொத்துள்ள யூதர்கள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்று ஆணையிட்டார்கள். பறிப்பதற்கு முன் பட்டியல். வியன்னா ஆவணக் காப்பகத்தில் கிடந்த அந்தப் படிவங்களில் வீடு, நகை, காப்பீடு, வெளிநாட்டு வங்கி எல்லாம் உரியவரின் கையெழுத்தோடு இருந்தன. அறுபது ஆண்டு கழித்து, கொள்ளைக்காரன் போட்ட பட்டியலே வாரிசின் சாட்சியானது.

சச்சரவு இல்லாமலும் போகவில்லை. கொள்ளையடிக்கப்பட்ட சொத்துக்கான பங்கில் முக்கால் பாகம் முன்னாள் சோவியத் நாடுகளில் வறுமையில் இருந்த யூத முதியவர்களின் உணவுக்கும் மருத்துவத்துக்கும் போனது. அமெரிக்காவில் வாழ்ந்த பிழைத்தோர் கொதித்தார்கள். மயாமியில் வாடகை கட்ட முடியாதவனும் பிழைத்தவன்தானே என்றார்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கு என்றார் கோர்மன். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. நீதிபதியின் பக்கம்தான் என் சாய்வு. ஆனால் பெரும்பாலும் அமெரிக்கக் குரல்களை முன்னிறுத்தி வென்ற வழக்கில், பணம் கீவுக்குப் போனபோது அவர்களுக்கு உறைத்ததில் வியப்பில்லை. முதல் வழக்கைத் தொடுத்த கிசெல்லா வைஸ்ஹாவுஸ் ஒப்பந்தத்தையே எதிர்த்தார்; அவருடைய வழக்கறிஞர் பின்னாளில் தொழில் உரிமத்தை இழந்தார்.

கடைசிக் கணக்கில் நான்கரை லட்சம் பேருக்கு மேல் பணம் போய்ச்சேர்ந்தது; வங்கிக் கணக்குப் பிரிவுக்கு மட்டும் 70 கோடி டாலருக்கு மேல். சுவிட்சர்லாந்தில் துயருற்றோருக்கு உதவ 700 கோடி பிராங்கில் அறிவிக்கப்பட்ட ஒருமைப்பாட்டு அறக்கட்டளைத் திட்டம் 2002 பொதுவாக்கெடுப்பில் தோற்றது. 2023இல் கிரெடிட் சுவிஸ்ஸை யுபிஎஸ் விழுங்கியது. நாஜிகளுடனான அதன் பழைய தொடர்புகளை ஆராயும் வேலையில் கிரெடிட் சுவிஸ்ஸே நீக்கிய வழக்கறிஞர் நீல் பரோஃப்ஸ்கி, யுபிஎஸ் காலத்தில் திரும்ப அமர்த்தப்பட்டார். நாஜித் தரப்போடு வணிகம் செய்தோரைக் குறிக்கும் ‘அமெரிக்கக் கறுப்புப் பட்டியல்’ முத்திரையோடு, முன்பு காட்டப்படாத கோப்புகள் கிடைத்திருப்பதாக அவர் செனட்டுக்கு எழுதிய கடிதம் 2025 தொடக்கத்தில் வெளியானது.

எஸ்டெல் சபீர் 1998 மே மாதம் வங்கியோடு தனியாகச் சமரசம் செய்துகொண்டார், ஓராண்டுக்குள் இறந்தார். கிரேட்டா பியருக்கு நீதிபதி கோர்மன் ஒரு லட்சம் டாலர் வழங்கினார். அது சாட்சி சொல்ல முன்வந்ததற்கான தொகை. தந்தையின் பெயரில் கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. பதிவே மிஞ்சாத 27 லட்சம் கணக்குகளில் அதுவும் ஒன்றா என்று சொல்ல எந்த ஏடும் இல்லை.